சதுரப் பந்து

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தணிகாசலம் கொல்லையில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினார்.

மூடி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அது கேரம் போர்டு. நாலு மூலையிலும் நாலு ஓட்டை உள்ள பொருள் எதையும் மூடாது. தொட்டிக்குள் இறங்கக் கொசுவுக்கு நாலு வாசல் என்பதுதான் அதனால் கண்ட பலன். ஜெயம்மாள் இரண்டு தடவை தகர மூடி வாங்கி வந்தாள். இரண்டும் பரணுக்குப் போயின. மூடியை மாற்றினால் செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்பது தணிகாசலத்தின் கட்சி. மாற்றாததனால் தினமும் காலையில் முதல் வேலையாக அந்தத் தப்பையே தொட்டுத் தூக்க வேண்டியிருந்தது.

வாராவாரம் இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். புதிதாக வந்தவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டாம், உள்ளே வரலாம். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் தணிகாசலத்துக்கு ஒரே மகள் லோகாம்பாள். இன்னும் பத்தொன்பது நாளில் கல்யாணம். ஒரே தம்பி பரசுராமன். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. மகளின் கல்யாணப் புடவை தறியில் முக்கால்வாசியோடு நிற்கிறது. கூட உட்கார்ந்து நெய்த ராமலிங்கம் போன வாரம் சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கி, கையில் புத்தூர்க் கட்டோடு படுத்திருக்கிறான்.

அது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். இடப்பக்கத்துக்காரர் ஊடு நூல் அடங்கிய நாடாக் கட்டையை வீசுவார். வலப்பக்கத்துக்காரர் அதைப் பிடித்து, உடல் நூலைக் கரை நூலோடு கோத்துத் திருப்பி அனுப்புவார். பிடிக்காமல் விட்டால் நாடா தறிக்குழியில் விழும், நூல் அறும். தெரியாமல் விட்டால் அது கைப்பிசகு. வேண்டுமென்றே விட்டால் அந்தத் தெருவில் அதற்கு ஒரே பொருள்தான்: உன்னோடு எனக்கு வேலை முடிந்தது.

முகூர்த்த மாதம். தெருவில் சும்மா இருக்கும் கை ஒன்றும் கிடையாது. கிடைத்தாலும் பிரயோஜனமில்லை. லோகு போன வாரமே அடித்துச் சொல்லிவிட்டாள்.

"சித்தப்பா வந்து பக்கத்துல உக்காந்து முடிச்சாத்தான் அந்தப் புடவைய நான் கட்டுவேன் நைனா. இல்லாட்டி நூல் புடவையில தாலி கட்டிக்கிறேன்."

பட்டுத் தறிக்காரர் மகள் நூல் புடவையில் மணவறையில் உட்கார்ந்தால் காஞ்சிபுரமே கூடிச் சிரிக்கும். தணிகாசலத்துக்குக் கவலை அந்தச் சிரிப்பைப் பற்றி என்றுதான் அவர் வெளியே சொல்லிக்கொண்டார்.

*

மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது இவ்வளவுதான்.

பரசுராமனுக்குக் கேரம் என்றால் உயிர். தறியை விட்டு எழுந்தால் கேரம் ஆடும் மன்றத்துக்குப் போவான். மன்றத்தை விட்டு எழுந்தால் தறிக்கு வருவான். ஆடும்போது அதிகம் பேச மாட்டான். தன் முறை முடிந்தால் ஸ்ட்ரைக்கரை எதிராளியின் பக்கம் மெல்ல நகர்த்தி வைப்பான். 'உன் ஆட்டம்' என்று அதற்கு அர்த்தம். அவனிடம் கேரம் கற்றுக்கொண்ட லோகுவுக்கு அது தெரியும். தணிகாசலத்துக்குத் தெரியாது. அவர் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை.

அரக்கோணத்தில் ஒரு போட்டிக்காக அரை நாள் லீவு கேட்டுப் போனவன், ஒரு முழு நாள் கழித்துக் கோப்பையோடு வந்து நின்றான். "ஜெயிச்சுட்டேண்ணா" என்றான். அந்த ஒரு நாளும் தறி சும்மா கிடந்தது. சும்மா கிடந்த தறிக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருந்த தணிகாசலம், தம்பியின் போர்டைத் தூக்கித் தொட்டி மேல் போட்டிருந்தார்.

"உன் போர்டுக்கு ஒரு வேலை கெடைச்சிடுச்சுடா. உனக்குத்தான் இன்னும் கெடைக்கல."

சொல்லும்போது நெசவாளர் சொசைட்டி ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் சிரித்தார்கள். தணிகாசலம், தம் வார்த்தை தமக்கே பிடித்துப்போய், இன்னொரு தடவை சொன்னார்.

மறுநாள் காலை பரசுராமன் வழக்கம்போல் வலப்பக்கம் உட்கார்ந்தான். இவர் நாடாவை வீசினார். அவன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டான். நாடா குழியில் விழுந்தது. அவன் எழுந்து போனான். நாலு தெரு தள்ளி, தனியாக ஒரு தறி போட்டு, கோர்வை இல்லாத சாதாரணப் புடவையாக நெய்துகொண்டிருக்கிறான்.

*

போன வாரம் இந்த வீட்டில் வந்து இறங்கியது டி.வி. விளையாட்டு.

கொண்டுவந்தவன் ஜெயம்மாளின் தம்பி சிட்டிபாபு. கப்பலில் சமையல்கட்டு வேலை. இரண்டு வருஷம் முன்பு டி.வி. பெட்டியே அவன் கொடுத்ததுதான். மெட்ராஸிலிருந்து வரும் படம் காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்வதற்குள் நனைந்துவிடும். கதாநாயகன், கதாநாயகி, வில்லன் எல்லோரும் ஒரே மழையில் நிற்பார்கள். இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்து டி.வி.யோடு மாட்டினான். கறுப்புத் திரையில் இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் விட்டு விட்டு ஒரு கோடு. ஒரு வெள்ளைப் புள்ளி இங்கும் அங்கும் போய்வந்தது. பிள்ளையார்பாளையத்தில் மழை இல்லாமல் தெரிந்த முதல் நிகழ்ச்சி அதுதான்.

தெரு முழுக்க வந்து பார்த்துக் கருத்துச் சொன்னது.

சொசைட்டி குமாஸ்தா இளங்கோவன், "பந்து எந்தப் பக்கம் போனாலும் லாபம் கம்பெனிக்காரனுக்குத்தான். இது தொழிலாளிய தூங்க வைக்கிற வேல" என்றார். சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் தூங்காமல் பார்த்தார்.

எதிர்வீட்டுப் பட்டம்மாள், "அந்தப் பந்துக்குக் கொஞ்சம் மூச்சு வாங்க வுடுங்கப்பா" என்றாள்.

பேத்தி கல்யாணத்துக்குப் புடவை சொல்ல வந்த சின்னக் காஞ்சிபுரம் ஹயக்ரீவன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அருகில் போய்ப் பார்த்தார். "இது சதுரமா இருக்கே! சதுரத்தைப் பந்துங்கறானா? முப்பது வருஷமா நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் போச்சு" என்றார். சற்றுத் தள்ளி நின்று இன்னொரு தடவை பார்த்தார். "மூணு கோடும் சேர்ந்து நாமமாட்டம் இருக்கு. வடகலையா தென்கலையான்னு மட்டும் கேக்காதீங்கோ. இந்த ஊர்ல அது ஹைகோர்ட்டுக்குப் போயிடும்."

தணிகாசலம், தமக்கு விளையாட்டைப் பற்றிக் கருத்து எதுவும் கிடையாது என்று ஆரம்பித்து, அரை மணி நேரம் பேசினார்.

*

இன்றைக்குக் காலை, தொட்டியடியில் நின்ற ஜெயம்மாள் விஷயத்தைச் சொன்னாள்.

"மூணு மணிக்கு அவுரு வராரு."

"எவுரு?"

"உங்க தம்பி. டி.வி. வெளையாட்டு பாக்க வரச்சொல்லி லோகு ஆள் அனுப்பிச்சா. புடவைன்னு சொன்னா வர மாட்டாரு. வெளையாட்டுன்னா வருவாரு."

"வந்தா வரட்டும். டி.வி. யார் வேணா பாக்கலாம்" என்றார் தணிகாசலம், வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி.

ஜெயம்மாள் உள்ளே போனதும் போர்டைக் கீழே இறக்கினார். நடுவில் இருந்த சிவப்பு வட்டம் வெளிறிப்போயிருந்தது. ஓரங்களில் மரம் ஊறி வீங்கியிருந்தது. துண்டால் துடைத்தார். பாசி போகவில்லை; தேங்காய் நார் கொண்டுவந்து தேய்த்தார். மறுபடி துடைத்தார். ஒளித்து வைக்க இடம் தேடி, கடைசியில் தறி அறைச் சுவரோரமாக நிமிர்த்திச் சாய்த்து, பட்டு நூல் மூட்டையை அதற்கு முன்னால் நகர்த்தினார். பரணிலிருந்து தகர மூடி இறங்கியது. ஐம்பது வயது ஆள் வேர்த்துக்கொட்ட இதைச் செய்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தார். ஜெயம்மாள் சமையலறை ஜன்னலிலேயேதான் நின்றிருந்தாள்.

*

மூன்று மணிக்குப் பரசுராமன் வந்தான். முன்னந்தலையில் நரை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தான். அண்ணன் வீட்டுக்கு வருபவன் மாதிரி இல்லை, துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அண்ணி, தறியில புடவை எவ்ளோ வந்துருக்குதுன்னு கேளுங்க."

இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த தணிகாசலம், "முக்கால்னு சொல்லு" என்றார்.

"முக்காலாம்" என்றாள் ஜெயம்மாள்.

"காதுல வுழுந்துச்சு அண்ணி."

சிட்டிபாபு பெட்டியை மாட்டினான். "இந்தா பாருங்க மாமா, இது மட்டை. குமிழைத் திருப்புனா மேலயும் கீழயும் போவும். பந்து வந்தா தட்டணும். அவ்ளோதான்." இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு குமிழைக் கொடுத்தான். அதற்குள் எதிர்வீட்டுப் பட்டம்மாள் தன் டிரான்சிஸ்டர் மூச்சு விடவில்லை என்று வாசலில் நின்று கூப்பிட்டாள். எழுந்து போய்விட்டான்.

ஆட்டத்தின் கடைசி விதியை, அதாவது எதிராளியைத் தோற்கடிக்க வேண்டும் என்பதை, அவன் சொல்லவே இல்லை. உலகத்தில் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியிருக்காது என்று நினைத்திருப்பான்.

யாரும் சொல்லாமலே தணிகாசலம் இடப்பக்கக் கோடு, பரசுராமன் வலப்பக்கக் கோடு. முதலில் இவரிடம் இரண்டு விழுந்தது, அவனிடம் இரண்டு. பிறகு கை பிடித்துக்கொண்டது.

டொக். சதுரப் பந்து இங்கிருந்து போயிற்று. டொக். அங்கிருந்து வந்தது. அவன் எந்த உயரத்தில் கோட்டை வைத்திருக்கிறானோ அங்கேயே போகும்படி இவர் அனுப்பினார். இவர் கைக்கு இடைஞ்சல் இல்லாதபடி அவன் திருப்பினான். டொக். டொக். வீசும்போது "ம்" என்பது தணிகாசலத்தின் தறிப் பழக்கம். இப்போதும் சொன்னார். பிடிக்கும்போது "ம்" என்பது பரசுராமனின் பழக்கம். அவனும் சொன்னான். நாற்காலி நுனியிலிருந்து எப்போதோ தரைக்கு இறங்கி, அண்ணனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டிருந்தான். ஜெயம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லோகு காபி போடப் போகிறேன் என்று அடுப்பங்கரைக்கு ஓடினாள். அழுகை வந்தால் அவள் எப்போதும் காபிதான் போடுவாள்.

இருபது நிமிஷம் கழித்துச் சிட்டிபாபு திரும்பி வந்தான். திரையைப் பார்த்தான்.

"இன்னும் ரெண்டுக்கு ரெண்டா? இன்னா மாமா பண்ணிக்கினு இருக்கீங்க? அவுரு எடுக்க முடியாத எடமா பாத்து அடிக்கணும். வுட்டவரு தோத்தவரு!"

"எதுக்கு?" என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில்.

சிட்டிபாபு எட்டு தேசம் பார்த்தவன். இந்தக் கேள்வியை எங்கேயும் யாரும் கேட்டதில்லை.

"எதுக்குன்னா... ஜெயிக்கத்தான். சின்ன மாமா, கேரம்ல ஜில்லாவையே ஜெயிச்சவரு நீங்க. நீங்களே இப்படிக் கேட்டா?"

"அதத் தொட்டு மூணு வருசம் ஆச்சுப்பா" என்றான் பரசுராமன், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "கோப்பையில எம் பொஞ்சாதி பெரியநாயகி உப்பு கொட்டி வெச்சிருக்குறா. நல்ல கோப்பை. உப்பு கசியறதே இல்ல."

டொக். டொக்.

தணிகாசலத்துக்குக் கை தானாகத் திருப்பிக்கொண்டிருந்தது. தம்பி வேலைவெட்டி இல்லாமல் மன்றத்திலேயே கிடக்கிறான் என்று மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். யாரிடமும் கேட்டு வைத்த சேதி இல்லை. தமக்குத் தாமே சொல்லிக்கொண்டது. அதை நம்பித்தான் தினமும் அந்த மூடியைத் தூக்க முடிந்தது. அவனோ அன்றைக்கே விட்டுவிட்டிருக்கிறான். அவன் போர்டை இவர் எடுத்துக்கொண்டார். மீதி ஆட்டத்தை அவனே எடுத்து எறிந்துவிட்டான்.

அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்போல் இருந்தது. மன்னித்துக்கொள் என்ற வார்த்தை அவர் வாயில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. ஜெயிக்கிறதுதான் ஆட்டம் என்றால், அவன் ஜெயிக்கட்டுமே. ஒரே ஒரு தடவை இந்த வீட்டில், எல்லோரும் பார்க்க ஜெயிக்கட்டும்.

பந்து வந்தது. தணிகாசலம் குமிழிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பந்து அவர் கோட்டைத் தாண்டிப் போயிற்று.

"மூணுக்கு ரெண்டு! சின்ன மாமா லீடிங்!" என்று சிட்டிபாபு கை தட்டினான்.

பரசுராமன் திரையைப் பார்க்கவில்லை. அண்ணனின் மடியில் கிடந்த கையைப் பார்த்தான்.

"வேணும்னே வுட்டியாண்ணா?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு நேராகக் கேட்ட முதல் கேள்வி. தணிகாசலத்துக்கு மனம் நிறைந்துவிட்டது.

"ஆமாண்டா" என்றார்.

பரசுராமன் குமிழைத் தரையில் வைத்தான். உடைந்துவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாக வைத்தான்.

"அன்னிக்கி நான் வுட்டேன். இன்னிக்கி நீ வுட்டுட்ட. சரியாப் போச்சு." எழுந்தான். "அண்ணி, கை கழுவிக்கினு கெளம்பறேன்."

தணிகாசலத்துக்கு அப்போதுதான் தாம் எந்தக் கையை எங்கே வைத்திருக்கிறோம் என்று தெரிந்தது. 'அதில்லடா' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. பாதி வழியில் அதை யாரோ பிடிக்காமல் விட்ட மாதிரி உள்ளே விழுந்தது. அதற்குள் தம்பி தறி அறையைத் தாண்டிக் கொல்லைக்குப் போயிருந்தான்.

*

தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தகர மூடி கணீர் என்றது. பிறகு தறி அறைப் பக்கம் காலடி. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. ஜெயம்மாள் போய்ப் பார்த்தபோது பின்கதவு திறந்து கிடந்தது.

தணிகாசலம் தறி அறைக்குள் போனார். நூல் மூட்டை ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. தேய்த்துத் துடைத்த போர்டு சுவரோரம் பளிச்சென்று தெரிந்தது. தறியின் உட்காரும் பலகையில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு நேராக, பழுப்பேறிய ஒரு ஸ்ட்ரைக்கர் இருந்தது.

மூன்று வருஷமாகக் கேரம் தொடாதவன் மடியில் ஸ்ட்ரைக்கர் எதற்கு இருந்தது என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசிச் சாமானையும் விட்டெறிந்துவிட்டுப் போயிருக்கிறான் என்றே நினைத்தார்.

சிட்டிபாபு நாலரை பஸ்ஸுக்குப் பையோடு கிளம்பி நின்றான். அவன் கையில் அதைத் திணித்தார்.

"போற வழியில அவன் வூட்ல குடுத்துட்டுப் போ மச்சான். அவன் சாமான் இங்க எதுவும் வேணாம்னு சொல்லு."

"பெரிசாச் சொல்லணுமா மாமா?"

"நான் குடுத்தேன்னு சொல்லு. போதும்."

அவன் போய்க் கொஞ்ச நேரம் கழித்து லோகு காபித் தட்டோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. "சித்தப்பா எங்க நைனா?"

தணிகாசலம் சொன்னார். பந்தை விட்டதைச் சொன்னார். ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டுப் போனதைச் சொன்னார். கொடுத்தனுப்பியதையும் சொன்னார்.

லோகு தட்டைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பக்கம் வெச்சிருந்தாரு?"

"இன்னா எந்தப் பக்கம்?"

"பலகையில நைனா! அவுரு பக்கமா, உங்க பக்கமா?"

"என் பக்கம்தான். எதுக்குக் கேக்கற?"

"ஐயோ நைனா!" லோகு தலையில் கை வைத்துக்கொண்டாள். "எதிராளி பக்கம் வெச்சா, உன் ஆட்டம்னு அர்த்தம். நீ கூப்புடு, நான் வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. திருப்பிக் குடுத்தா, உன்னோட ஆடலன்னு ஆவும்!"

கல்யாணப் பெண் வாசல்படி தாண்டக் கூடாது. ஜெயம்மாள் கதவை மறித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "நீங்க இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க?"

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பு மாட்டவில்லை. அவர் ஓடிப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் கிடையாது. அதனால் பட்டம்மாள், "எங்கப்பா தீ?" என்று கேட்டாள். ஒரு தெரு. இரண்டு தெரு. மூன்றாவது தெருவில், தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் நூலைத் தாழ்த்திப் பிடித்து வழி விட்டார்கள். நாலாவது தெரு முனையில் சிட்டிபாபு எதிரே வந்தான். கையில் பை மட்டும் இருந்தது.

"குடுத்துட்டேன் மாமா."

"இன்னா சொன்னான்?"

"கையில வாங்கிப் பாத்துக்கினே இருந்தாரு. 'எங்கண்ணனே குடுக்கச் சொன்னாரா'ன்னு கேட்டாரு."

"நீ?"

"ஆமான்னேன். நீங்கதான சொல்லச் சொன்னீங்க?" சிட்டிபாபு பஸ் நிலையத்துப் பக்கம் பார்த்தான். "இன்னா மாமா, கால்ல செருப்பு கூட இல்ல?"

தணிகாசலம் அவனைத் தாண்டிப் போனார். தம்பி வீட்டை மூன்று வருஷமாகத் தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தார். பச்சைக் கதவு, சாத்தியிருந்தது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றை ஆள் தறி. வீசுகிற கையும் பிடிக்கிற கையும் ஒருவனுடையதே. சத்தத்திலேயே தெரிந்தது.

கதவுக்கு முன் நின்றார். தட்டக் கையைத் தூக்கினார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "ம்" என்றார். தறியில் சொல்கிற அதே "ம்".

உள்ளே தறி நின்றது.

காலடி கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. திறக்கிற சத்தமா, போடுகிற சத்தமா என்று தணிகாசலத்துக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே சத்தம்தான்.